கார் லைசென்ஸில் ஆட்டோ ஓட்டலாமா?

பள்ளத்தூர்ப் பிள்ளை: நேற்று வேறொரு இழையில் 'புதுவயல் புயல்' போகிற போக்கில் எழுதியது: "ஆட்டோவுக்கு ஸ்டியரிங் கிடையாது, கைப்பிடிதான். ஆகவே பைக் லைசென்ஸே போதும்." இதற்குக் கைதட்டவும் நம் ஊரில் ஆள் இருக்கிறது! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் சைக்கிள் என்பது இரண்டு சக்கர வண்டி. கழற்றி மாட்டும் சைடுகார் இருந்தால் அதன் கூடுதல் சக்கரமும் அதில் அடக்கம், அவ்வளவுதான். புயல் ஆட்டோவின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறாரா?

புதுவயல் புயல்: கிளட்ச் இடது கையில். அதே பிடியைத் திருகினால் கியர். பழைய ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? சட்டம் எழுதியவர் ஒரு நாளாவது ஆட்டோ ஓட்டினாரா?

செக்காலைவாசி: கைப்பிடியை விடுங்கள். ஒரே ஓர் எண்தான் இங்கே பேசும்: 7,500 கிலோ. அதற்கு மேற்படாத வண்டி இலகுரக மோட்டார் வாகனம். ஆட்டோ அதன் அருகில்கூட வராது. எனவே கார் லைசென்ஸ் போதும். வாடகை வண்டியானாலும் போதும். விவாதம் முடிந்தது.

தேவகோட்டை ரஸ்தா: எங்கே முடிந்தது? வாடகை வண்டி ஓட்டுநரின் பேட்ஜ் எங்கே ஐயா? சொந்தக் கார் ஓட்ட 18 வயது போதும். வாடகை வண்டிக்கு 20 ஆக வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆனால்தான் போக்குவரத்து வாகனத்துக்கு, அதாவது வாடகை, சரக்கு வண்டிக்கு, பழகுநர் உரிமம். பிறகு மருத்துவச் சான்று, பிறகு பேட்ஜ். இத்தனையும் கடந்து காக்கிச் சட்டை போட்டவன் நான். ஏ.சி. காரில் செக்காலை வீதியைச் சுற்றிவருகிறவர் என் இருக்கையில் உட்கார்ந்துவிட முடியாது.

செக்காலைவாசி: சட்டம் பேசினால் சட்டை பேசுகிறார். 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதைத்தான் சொன்னார்கள். 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. 7,500 கிலோ வரை கார் லைசென்ஸ்காரர் வாடகை வண்டி ஓட்ட உரிமத்தில் தனி அங்கீகாரம் தேவையில்லை. நீங்கள் பட்டியல் போட்ட கூடுதல் தகுதிகள் எல்லாம் அந்த எடையைத் தாண்டும் வண்டிகளுக்கு. ஐந்து நீதிபதிகளைவிட ரஸ்தா ஆட்டோ ஸ்டாண்டு பெரியதா?

தேவகோட்டை ரஸ்தா: அந்த வழக்கு எதற்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்க வேண்டுமா என்ற சண்டையில் வந்த தீர்ப்பு அது. சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரி முதலில் கேட்பது பேட்ஜ். அவரிடம் ஐந்து நீதிபதிகளையும் அழைத்துக்கொண்டு போவீர்களா?

செக்காலைவாசி: அதிகாரிக்குத் தெரியாவிட்டால் அது அதிகாரியின் குறை. 7,500.

ஆத்தங்குடிக் கல்: ஒரு சந்தேகம். எங்கள் பட்டறைக்குச் சரக்கு ஆட்டோ ஒன்று வாங்கப் பார்க்கிறோம். தரைக்கல்லை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கிக் காரைக்குடிக்கு அனுப்ப வேண்டும். சட்டம் இருக்கட்டும், பாரம் ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழுந்துவிடும். கார் ஓட்டிப் பழகியவருக்கு அது தெரியுமா?

செக்காலைவாசி: கார் லைசென்ஸ்காரர்கள் வாடகை வண்டி ஓட்டுவதால் விபத்து கூடியது என்பதற்குப் புள்ளிவிவரம் எதையும் யாரும் காட்டவில்லை என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. கல் நண்பர் படித்துவிட்டு வரலாம்.

ஆத்தங்குடிக் கல்: நான் கேட்டது பின்சக்கரத்தைப் பற்றி. கல் உடைந்தால் நீதிமன்றம் ஒட்டித் தராது.

பள்ளத்தூர்ப் பிள்ளை: என் உரிம அட்டையில் கார் ஒரு வரி, மூன்று சக்கர வாகனம் தனி வரி. ஒன்றே போதுமானால் எதற்கு இரண்டு வரி? உரிமத்தில் எழுதும் வண்டி வகைகளைப் பட்டியலிடும் பத்தாவது பிரிவில் 'குறிப்பிட்ட வகை மோட்டார் வாகனம்' என்று கடைசியில் ஓர் உட்பிரிவும் இருக்கிறது.

செக்காலைவாசி: அட்டை அச்சடித்தவர் சட்டம் இயற்றவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு. இந்த முறை எழுத்தாலும் எழுதிவிட்டேன்.

கானாடுகாத்தான் ஆச்சி: ரஸ்தா தம்பி, பேட்ஜ் குத்தியதெல்லாம் சரி. சென்ற மாதம் வெளியூர் உறவினரோடு பிள்ளையார்பட்டி போக ஒரு ஆட்டோக்காரர் கேட்ட தொகையில் காரே எடுத்திருக்கலாம். மீட்டர் போடச் சொன்னால் வானத்தைப் பார்த்தார். மீட்டர் கண்ணில் படாது, பேட்ஜ் மட்டும் பளபளக்கும்.

தேவகோட்டை ரஸ்தா: ஆச்சி, திரும்பும்போது காலியாக வருகிறோமே, அந்த எரிபொருளை யார் போடுவார்? ஆயிரம் சன்னல் வீடு கட்டியவர்கள் ஆட்டோக்காரனிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவீர்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: வீடு கட்டியவர் அப்பச்சி. அதற்கு வெள்ளையடிக்க வழியில்லாமல் நிற்பது நான். திரும்பி வரும் காலி வண்டிக்கும் நானே கட்டணம் தர வேண்டுமா? சன்னலை எண்ணிக் கட்டணம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

புதுவயல் புயல்: பேட்டரி ரிக்‌ஷாவை மறந்துவிட்டீர்களே! அதற்கு ஓராண்டு கார் லைசென்ஸ் நிபந்தனை இல்லை. பத்து நாள் பயிற்சி போதும். அதற்கும் மூன்று சக்கரம்தான். என் வாதம் நிற்கிறது.

பள்ளத்தூர்ப் பிள்ளை: எந்த வாதம்? அது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் வண்டி. அதற்கென்று தனி விதி போட்டிருக்கிறார்கள். பைக் லைசென்ஸ் அங்கே எங்கிருந்து வந்தது?

செக்காலைவாசி: சரியாகக் கேட்டார். பேட்டரி ரிக்‌ஷாவுக்கான தனித் தகுதி தொடரும் என்பதைத் தீர்ப்பே சொல்லிவிட்டது. மற்றதற்கு எல்லை 7,500. மீண்டும் சொல்கிறேன், 7,500. மஞ்சுவிரட்டு இழையிலும் இப்படித்தான் நான் எண்ணோடு வந்தேன், ரஸ்தா வாயோடு வந்தார்.

தேவகோட்டை ரஸ்தா: அந்த இழையில் என் பதிவை நீக்கச் சொல்லி நிர்வாகியிடம் புகார் கொடுத்தது யார்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

செக்காலைவாசி: மரியாதை தவறிய பதிவு நீக்கப்படும். எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா: எட்டாம் வகுப்பை இழுக்கிறாரா! பேட்ஜ் வாங்க எட்டாம் வகுப்புச் சான்று கேட்ட காலத்தில் அதைக் காட்டியே வாங்கினேன். 2019இல்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். உங்களைப்போல் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு படித்து வாங்கவில்லை.

ஆத்தங்குடிக் கல்: பின்சக்கரம் பற்றி யாராவது?

செக்காலைவாசி: கல் நண்பரே, கார் லைசென்ஸ் இருக்கிற பையனை வேலைக்கு வையுங்கள். சட்டம் உங்கள் பக்கம்.

தேவகோட்டை ரஸ்தா: வையுங்கள். வண்டி கவிழ்ந்த அன்று செக்காலையாரை அழைத்துப் பொறுக்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: திரும்பி வரும் காலி வண்டிக்கும் நானே கட்டணம் தர வேண்டுமா என்று கேட்டிருந்தேன். தம்பி அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறார்.