மேலூர்ப் பக்கம் முத்துப் பண்ணை: சரிப்படுமா?

வைகைக்கரை:
மேலூர்ப் பக்கம் இளைஞர்கள் சிலர் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மட்டியில் (நன்னீர்ச் சிப்பி) முத்து வளர்க்கப் போறாங்களாம். நல்லதுன்னுதான் படுது. மட்டி தண்ணீரை வடிகட்டும். பூச்சிமருந்து கலந்தால் அது சாகும். அதனால் ஊரே கண்மாயைக் காவல் காக்கும். மகளிர் குழுவுக்கும் வேலை.

கண்மாய்க்காரன்:
மட்டி எங்கிருந்து வரும் அண்ணே? 5,000 மட்டியில் அச்சு (முத்துப் பூச்சு படிய உள்ளே வைக்கும் சிறு உரு) வைக்க, 8–10 செ.மீ. மட்டி 5,000 வேணும். பக்கத்துக் கண்மாய்ச் சேற்றில் அள்ளுவாங்க. மட்டிக் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டி வளர்ந்த பிறகுதான் தரைக்கு இறங்கும். பெரிய மட்டியையும் அள்ளி, மீனையும் ஒட்ட அரித்துவிட்டால் அடுத்த தலைமுறை ஏது? அதோட, முத்து உருவாக 12–18 மாதம் ஆகும். சித்திரையில் தரை தெரியாத கண்மாய் நம்ம பக்கம் எத்தனை?

வைகைக்கரை:
கண்மாய் வேண்டாம், போர்வெல் தண்ணீர் உள்ள பண்ணைக்குட்டை. ஆனால் கைவேலை சுத்தமா இருக்கணும். மட்டியை 2–3 நாள் நெருக்கி வைத்தால் தசை தளரும். வாயை 1 செ.மீ.க்கு மேல் அகட்டினால் தசை கிழிந்து செத்துப்போகும். சதையை ஓட்டிலிருந்து மெல்லப் பிரித்து, அச்சை நுழைத்து, காற்று தங்காமல் அழுத்தணும். பிறகு 10 நாள் மருந்துத் தொட்டி. செத்ததை அன்றன்றே எடுக்காவிட்டால் தண்ணீர் கெட்டு மற்றதும் போகும். அதன் பின் வலைப்பைக்கு இரண்டாகப் போட்டு, 1 மீட்டர் ஆழத்தில் தொங்கவிடணும்.

ஆவணிமூலம்:
வேலை சரி, விலை? மதுரை நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதியில் கேட்டுப் பாருங்க. சீனத்தில் ஒரே மட்டியில் பல முத்து எடுத்து மலிவா அனுப்புறாங்க. பிள்ளையார் உரு பதித்த அச்சு முத்துக்கு வாடிக்கையாளர் தனி. ‘மட்டி நாங்க தர்றோம், முத்தையும் நாங்களே வாங்கிக்கிறோம்’ என்று யாராவது வந்தால், வாங்கும் விலை, தரம் இரண்டையும் எழுத்தில் கேளுங்க. மட்டியும் பயிற்சியும் விற்றதோடு அவங்க லாபம் முடிந்திருக்கலாம்.

வைகைக்கரை:
கடல் முத்துச்சிப்பி வளர்ப்பில், இருக்கிறதை அள்ளித் தீர்க்கிற சிக்கல் குறைவு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-லேயே உருண்டை முத்து எடுத்தது. 1981-ல் பொரிப்பகக் குஞ்சும் கிடைத்தது. குஞ்சு தொட்டியில் பிறந்தால் முத்துப் பாரில் (கடலடியில் சிப்பி வாழும் திட்டு) கை வைக்க வேண்டியதில்லையே?

கண்மாய்க்காரன்:
குஞ்சு விஷயம் ஒத்துக்கிறேன். ஆனால் மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். அறுபது ஆண்டுக்கு மேல் ஓய்வு கொடுத்தும் பார் பழையபடி திரும்பவில்லை. மிதவை கட்டிக் கூண்டில் சிப்பி வளர்த்தால் மட்டும் திரும்பிடுமா? நங்கூரம் பவளத்திலோ கடற்புல்லிலோ இழுபட்டால் கேடுதான், மணல் தரை பார்த்துப் போடணும். கூண்டில் அப்பும் கொட்டலசை (ஓடுள்ள சிறு ஒட்டுயிர்) சுரண்டி அங்கேயே தள்ளினால் அடியில் அழுகும். கரைக்குக் கொண்டு வரணும். கூண்டுக்குள் புகும் சங்கு இனம் சிப்பிக் குஞ்சைத் தின்றுவிடும், அதையும் பொறுக்கி எடுக்கணும். நாட்டுப்படகு வலை விடும் இடத்தில் மிதவை வந்தால் யாருக்கு வாழ்வாதாரம்? மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி பவளத்தின் மேல் படர்ந்ததே, அதுவும் வாழ்வாதாரம் என்ற பெயரில் வந்த பயிர்தான்.

வைகைக்கரை:
அதனால்தான் நிபந்தனை போடச் சொல்றேன். குட்டையில் ஒரு பங்கு மட்டிக்கு அச்சு வைக்காமல் கெண்டையோடு விடணும்; மீனின் செவுளில் குஞ்சு ஒட்டுதா என்று பார்க்கணும். ஒட்டி வளர்ந்தால் பின்னாடி வரும் சுற்றுகளுக்குக் கண்மாயில் அள்ளும் கணக்கைக் குறைக்கலாம்.

ஆவணிமூலம்:
அப்படின்னா 500 மட்டியோடு தொடங்குங்க. முதல் அறுவடையைக் கடையில் காட்டி, விலை தெரிந்த பிறகு குட்டையைப் பெரிசாக்கலாம்.