யூ மர இலையும் அப்பாவின் கீமோவும்

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, ஹார்மோன் ஊசிக்கும் அடங்காமல் போன பிறகு டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ட்ரிப்ஸ், கூடவே தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. முடி கொட்டியதைவிட நகம்தான் அவரைப் படுத்தியது. பழுப்பேறி, விளிம்பு தூக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தான் போடக்கூட என்னைக் கூப்பிடுவார். மருந்து ஏறும்போது விரல்களை ஐஸ் பையில் வைத்தால் நகம் அவ்வளவு கெடாது என்று நர்ஸ் அக்கா சொன்னார். செய்தோம், கொஞ்சம் பலன் இருந்தது. இன்னொன்று, ஆரம்பத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும், ரத்தத்தில் அளக்கும் புரதம்) குறையாமல் ஏறிவிட்டது. வீடே இடிந்துபோய் உட்கார்ந்தோம். சிலருக்கு முதல் சில வாரங்கள் ஏறிவிட்டுத்தான் இறங்குமாம். அப்படியே இறங்கவும் செய்தது.

இந்த மருந்து யூ என்ற ஊசியிலை மரத்தின் இலையிலிருந்து வருகிறது என்று யாரோ சொல்ல, மாமா பிடித்துக்கொண்டார். "இலைதானே மாப்ளே, கஷாயம் வச்சா ஆச்சு, எதுக்கு இவ்வளவு செலவு?" நான் சொல்லி அவருக்கு ஏறவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

*

அண்ணா, தயவுசெய்து வேண்டாம். அந்த இலையில் டாக்சைன் என்ற நஞ்சு இருக்கிறது, இதயத்தையே நிறுத்திவிடும். ஐரோப்பாவில் அதை மேய்ந்த ஆடுமாடுகள் செத்திருக்கின்றன. அதோடு, டோசிடாக்செல் அந்த இலையில் அப்படியே இருப்பதும் இல்லை. இலையிலிருந்து எடுப்பது மூலப்பொருள் மட்டும். பிரான்சில் பியர் போத்தியேயின் குழு 1980களில் அதன் மூலக்கூறில் பக்கவாட்டில் ஒரு அணுத்தொடரை (பக்கச் சங்கிலி) சேர்த்து மருந்தாக்கியது. புராஸ்டேட் நோயாளிகளின் ஆயுளை இது கூட்டுகிறது என்று 2004இல்தான் பெரிய ஆய்வுகள் காட்டின: சராசரியாக 16.5 மாதம் என்றிருந்தது 18.9 ஆனது.

நான் லேபில் பிசி-3 செல்களோடு வேலை செய்தவள். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றிலிருந்து வளர்த்த செல்கள் அவை. இந்த மருந்தைப் போட்டு மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், தட்டில் நீளமாக ஒட்டியிருந்தவை உருண்டு திரண்டிருக்கும். செல் இரண்டாகப் பிரிய, அதற்குள் இருக்கும் நுண்குழல்கள் என்ற மெல்லிய குழாய்கள் கூடிக் கூடிக் கலைய வேண்டும். மருந்து அவற்றைக் கலைய விடாது. பிரிதல் பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் கேஸ்பேஸ் நொதிகள் கிளம்பி உள்ளிருப்பதையெல்லாம் வெட்டித் தள்ளும். செல்லின் மேல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், சுருங்கும், மிதக்கும். அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது என்பது இதுதான்.

மஞ்சளின் குர்குமினும் தட்டில் இதே மாதிரி கொல்லும், பத்து இருபது மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) போட்டால். ஆனால் தினமும் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களுக்கே ரத்தத்தில் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. குடலும் கல்லீரலும் அதற்குள் உருமாற்றிவிடுகின்றன. "மஞ்சள் புற்றுநோயைக் கொல்லும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதில் இந்தப் பாதியை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

மாமாவிடம் பிசி-ஸ்பெஸ் கதையையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் விற்ற எட்டு மூலிகைக் கலவை. பிஎஸ்ஏவை நன்றாகவே இறக்கியது. சோதித்தபோது செயற்கை ஈஸ்ட்ரோஜனும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் உள்ளே கிடந்தன, 2002இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்பா வேறு ஏதாவது பொடி, லேகியம் எடுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். டோசிடாக்செலை உடைக்கும் அதே கல்லீரல் நொதியைச் சில மூலிகைகள் தூண்டும், சில தடுக்கும். மருந்து ரத்தத்தில் குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வெள்ளையணு விழுந்துவிடும்.