'பிரிப்பேர்டு கோர்': தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம். கென்யாவின் ஒலோர்கெசைலி தொல்லியல் களம் பற்றிய கட்டுரைக்கு 'பிரிப்பேர்டு கோர்' (prepared core) என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேவை. கருவிக்கான செதிலை (மெல்லிய கல்துண்டை) உரித்தெடுக்க முன்கூட்டியே உருவம் அமைத்த கல் அது.

அங்கே சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை கைக்கோடரிதான் ஆட்சி. கை நிறையும் கனமான கருவி, பெரும்பாலும் 5 கி.மீ.க்குள் கிடைத்த எரிமலைக் கல். சுமார் 3,20,000 ஆண்டுப் பழமையான அடுக்குக்கு வந்தால் கைக்கோடரியைக் காணோம். பிரிப்பேர்டு கோரும் சிறிய முனைகளும் சுரண்டிகளும் இருக்கின்றன. 25 முதல் 50 கி.மீ. தொலைவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) இருக்கிறது. பக்கத்துக் கூரா வடிநிலத்தில் துளைத்தெடுத்த 139 மீட்டர் மண்தூண் இடைப்பட்ட காலத்தைச் சொல்கிறது: சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து நிலம் பிளந்து, நீர்நிலைகள் நிலையற்றுப்போய், ஈரமும் வறட்சியும் மாறிமாறி வந்தன. பெரிய புல்மேயிகள் பல மறைந்தன. நீரும் இரையும் எங்கே என்று உறுதியில்லாத நிலத்தில் தூரம் அலைந்தவர்களுக்கு இலேசான கருவி உதவியது என்பது ஆய்வாளர் விளக்கம்.

என் முன்மொழிவு: ஆயத்தக் கருக்கல்.

மடல் 2

> ஆயத்தக் கருக்கல்

ஐயா, 'கருக்கல்' தொல்லியல் நூல்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'கருக்கலில் கிளம்பினான்' என்றால் இருட்டு விலகாத வேளை. கருக்கு என்றால் பனைமட்டையின் பல். கல்லின் கூர்விளிம்பைப் பேசும் கட்டுரையிலேயே இந்தக் குழப்பம் வரும். 'தாய்க்கல்' என்போம். செதில் எந்தத் தாய்க்கல்லிலிருந்து உரிந்தது என்று ஒட்டிப் பார்ப்பதுதானே ஆய்வு? மண்ணியலின் 'தாய்ப்பாறை' வேறு சொல், மோதாது.

'ஆயத்தம்' எதற்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்லவில்லை. யாராவது 'பதப்படுத்திய' என்று வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்டில் சில்கிரீட் கல்லை நெருப்பில் சூடாக்கி, உடைக்க இணக்கமாக்கியிருக்கிறார்கள். பதம் என்ற சொல் அதற்குத்தான் வேண்டும்.

மடல் 3

செய்முறையைப் பார்த்தால் சொல் தானே வரும். இந்த நுட்பத்தில் பெயர்பெற்றது லெவலுவா. பாரிஸை ஒட்டிய லெவலுவா-பெரே என்ற ஊரின் பெயர்.

முதலில் கல்லின் சுற்றுவிளிம்பில் செதிலெடுத்து அதை இரண்டு முகமாகப் பிரிக்க வேண்டும். கீழ்முகம் அடி விழும் மேடைகளைத் தரும். மேல்முகம் நமக்கு வேண்டிய செதிலைத் தரும். இரண்டும் வேலை மாற்றிக்கொள்ளக் கூடாது. அடுத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னச் செதில்களை உரித்து, மேல்முகத்தை ஆமையோடு போல, ஆனால் அதைவிடத் தட்டையாக, வளைக்க வேண்டும். பிறகு ஒரு முனையில் மேடையை நுணுக்கிச் சீராக்கி, விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே, சுத்தியல்கல்லால் ஒரே அடி. மேடைக்கும் மேல்முகத்துக்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகையைத் தாண்டினால் எவ்வளவு ஓங்கினாலும் செதில் வராது.

கெடுவது பெரும்பாலும் வளைவில்தான். வளைவு போதாவிட்டால் பிளவு பாதிவழியில் மேலே திரும்பி, செதில் மழுங்கிய முனையோடு குட்டையாக முறியும். முகத்தில் ஒரு படி நின்றுவிடும், அடுத்த செதிலும் அங்கேதான் தட்டும். எதிர்முனைப் பக்கம் வளைவு மிஞ்சினால் பிளவு உள்ளே இறங்கி, எதிர்விளிம்பையும் வாரிக்கொண்டு போகும், தாய்க்கல் வீண். விளிம்பின் ஓரத்திலேயே அடித்தால் மேடை நொறுங்கும். நல்ல செதில் ஒன்று வந்ததும் வளைவு தீர்ந்துவிடும். மறுபடி உரித்து வளைக்க வேண்டும், கல்லும் சிறுத்துக்கொண்டே போகும்.

ஆக, அடிக்கு முன்பே செதிலின் உருவம் கல்லின் முகத்தில் அமைந்துவிடுகிறது. இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: வாகு. 'வாகாக வைத்து வெட்டு' என்கிறோமே, அது. உடல்வாகில் இருப்பதும் அதுதான். வாகமை தாய்க்கல். அமைத்த, அமைக்கிற, அமைக்கும் மூன்றுக்கும் வினைத்தொகை இடம் தருகிறது. திரும்பத் திரும்ப வாகமைக்கும் வேலைக்கு அது பொருந்தும்.

மடல் 4

வாகு அருமை. ஆனால் மடல் 1-ஐப் படிப்பவர் 'வாகமை தாய்க்கல் என்றால் சிறிய கருவி' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் விக்டோரியா வெஸ்ட் வகையில் வாகமைத்து எடுத்தது பெரிய செதில். அதைக் கைக்கோடரியாகவும் பிளவுகோடரியாகவும் ஆக்கினார்கள். அது அச்சூலியக் (கைக்கோடரிக்) காலத்தது. சொல்லில் 'சிறு' என்ற பொருள் ஒட்டாதது நல்லதே.

லெவலுவாவைப் பெயராகவே விடுங்கள். அது வாகமைப்பில் ஒரு வகை, மொத்தமும் அல்ல.

இன்னொன்று. நம் அத்திரம்பாக்கத்திலும், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், கைக்கோடரி குறைந்து, குவார்ட்சைட் கல்லில் லெவலுவா செதில்கள் வருகின்றன. 2018-இல் வெளியான ஆய்வு அதன் தொடக்கத்தைச் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் வைத்தது. காலக்கணிப்பின் பிழைவரம்பு 64,000 ஆண்டு, அதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒலோர்கெசைலியின் தட்பவெப்பக் காரணத்தைத் தூக்கி இங்கே ஒட்டவும் வேண்டாம். அந்த மண்தூண் கூராவினுடையது.

மடல் 5

ஏற்றேன். தாய்க்கல், செதில், அடிமேடை, வாகமைத்தல். 'சில்லு' வேண்டாம், கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 'கீழ் அடுக்கில் கைக்கோடரிகள், மேல் அடுக்கில் வாகமை தாய்க்கற்களும் அவற்றிலிருந்து உரித்த முனைகளும்.' இடறவில்லை.

பாதிவழியில் முறியும் செதிலுக்கு 'மடிமுறிவு', எதிர்விளிம்பை வாருவதற்கு 'வாரிப்பிளவு' என்று எழுதலாமா? இரண்டாவதில்தான் எனக்குத் தயக்கம்.