புதுப்பிப்பு: பனையோலைக் கிலுகிலுப்பையை ஐரோப்பாவுக்கு அனுப்ப என்ன சான்று?

சாயல்குடியில் எங்கள் மகளிர் குழு முடையும் ஓலைக் கிலுகிலுப்பைக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்தது, என்ன சான்று வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அரசிடம் கைவினைஞராகப் பதிவு செய்திருப்பதே போதும் என்று நினைத்தது தவறு. பதிவு செய்த கைவினைஞருக்குக் கிடைக்கும் விலக்கு, நம் நாட்டுத் தர முத்திரையான பிஐஎஸ்-க்கு மட்டும்தான். ஐரோப்பாவுக்கு, அங்கத்திய விதிகளுக்குப் பொருள் உட்பட்டது என்று காட்டும் சிஇ குறி வேண்டும். அதற்காக, இஎன் 71 என்ற ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரத்தின்படி சோதிக்க ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தோம்.

சாயம்தான் மாட்டும் என்று பயந்தோம், அது தேறிவிட்டது. ஆனால் இழுத்துப் பார்க்கும் சோதனையில் ஓலை பிரிந்து உள்ளிருந்த கூழாங்கற்கள் கொட்டிவிட்டன. குழந்தை விழுங்கினால் மூச்சடைக்கும். சோதனைக்கூடம் மறுத்தது நியாயம். '3 வயதுக்குக் கீழ் ஆகாது' என்று லேபிள் ஒட்டவும் வழியில்லை, கிலுகிலுப்பை என்றாலே கைக்குழந்தைக்கானதுதான்.

"பெரிய பிள்ளைகளுக்கான பொம்மையாக மாற்றுங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. ஓலை மீனும் கிளியும் அந்த எச்சரிக்கையோடு தேறின. பொம்மை ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற இணக்க உறுதிமொழியில் நாங்களே கையெழுத்திட்டோம். ஆவணங்களை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அப்புறம், பொம்மையிலோ, அதில் முடியாவிட்டால் பெட்டியிலோ இறக்குமதியாளர் முகவரியும் கட்டாயம்.

அமெரிக்காவுக்கு இது செல்லாது. அங்கே பொம்மைப் பாதுகாப்புக்கு ஏஎஸ்டிஎம் எஃப்963 என்ற வேறு தரம்.