மறு: ஷாட்கன் – ‘சிதறு துப்பாக்கி’ வேண்டாம்

வணக்கம்.

இரவில் வீட்டுக்குள் புகுந்தவனை எதிர்கொள்ள ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல சிறு ஈய மணிகளைச் சுடும் நீண்ட துப்பாக்கி) நல்லதா, ஹேண்ட்கன் (கையில் பிடித்துச் சுடும் சிறிய துப்பாக்கி) நல்லதா என்ற அமெரிக்க விவாதத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் ஹூஸ்டன் சகோதரி, இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். நம் குழுவில் வந்த நேற்றைய மடல்களைப் பார்த்தால் ‘சிதறு துப்பாக்கி’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. அந்தச் சொல்லை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

> சிதறு துப்பாக்கி என்றால் பார்த்தவுடனே புரிகிறது. விளக்கமே தேவையில்லை.

பார்த்தவுடன் என்ன புரிகிறது என்பதுதான் என் கவலை, ஐயா. விசையை இழுத்தால் அறை முழுக்கச் சிதறும், குறி பார்க்கத் தேவையில்லை என்று புரிகிறது. அமெரிக்காவிலேயே ஷாட்கனைப் பற்றி வேரூன்றிப்போன தவறான நம்பிக்கை இது. தோட்டாவுக்குள் இருக்கும் ரவைகள், அதாவது அந்தச் சிறு மணிகள், குழலை விட்டு ஒரே திரளாகத்தான் வெளிவருகின்றன. தூரம் போகப் போகத்தான் விரிகின்றன. ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது அங்கே பழகியவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. குழலையும் தோட்டாவையும் பொறுத்து இது கூடும், குறையும். ஒரு கூடத்தின் நீளம் ஐந்து கஜம் என்று வையுங்கள்: ரவைகள் விரியும் அகலம் ஒரு கையகலம்தான். குறி தவறினால் அத்தனை ரவைகளும் சேர்ந்தே தவறும்.

என் தந்தை ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு பல ஆண்டுகள் காவல் நின்றவர். “கிட்டத்தில் கட்டியாகப் போகும், எட்டத்தில்தான் தூவும்” என்பார். குழலில் போடுவதைத் ‘தோட்டா’ என்றும், அதற்குள் இருப்பதை ‘ரவை’ என்றும் பிரித்துச் சொல்வார். ‘ரவைத் துப்பாக்கி’ என்ற என் முன்மொழிவு அவர் வாயிலிருந்து வந்ததுதான். ஆங்கிலமும் இதையேதான் செய்திருக்கிறது. ஷாட்கனில் உள்ள ‘ஷாட்’ சுடுவதைக் குறிக்கவில்லை, ரவையைக் குறிக்கிறது. ஆகவே முந்தைய மடலில் வந்த ‘சுடுதுப்பாக்கி’ பொருந்தாது. சுடாத துப்பாக்கி ஏது?

‘வேட்டைத் துப்பாக்கி’ நம் காதுக்குப் பழகிய சொல். ஆனால் ரைபிளும் வேட்டைக்குப் பயன்படுகிறது. தவிர, இந்தக் கட்டுரையில் வேட்டையே இல்லை. ‘இரட்டைக்குழல்’ அதைவிட நன்றாக அறிமுகமான சொல் என்றாலும், அமெரிக்க வீடுகளில் தற்காப்புக்கென்று வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் குழல் கொண்டவை. ரவைக்குப் பதில் ஒரே பெரிய ஈயக்கட்டி உள்ள தோட்டாவையும் இதில் போடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். போடலாம். வழக்கமாக எதைப் போடுகிறார்களோ அதை வைத்துப் பெயர் அமைவதில் தவறில்லை.

‘ஹேண்ட்கன்’ எளிது என்று எல்லோரும் கடந்துவிட்டோம். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. நம் செய்தித்தாள்கள் பிஸ்டலை மட்டும் கைத்துப்பாக்கி என்று எழுதி, ரிவால்வரைத் தனியாக நிறுத்திவிடுவதுண்டு. ஹேண்ட்கன் என்பது இரண்டையும் அடக்கிய பொதுச்சொல். அமெரிக்காவில் சட்டமே இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் பெற்ற வணிகர் ஷாட்கனையும் ரைபிளையும் 18 வயது நிரம்பியவருக்கு விற்கலாம். கைத்துப்பாக்கி என்றால் 21. கொலம்பியா மாவட்டம் (தலைநகர் வாஷிங்டன்) எதிர் ஹெல்லர் வழக்கில், வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க அந்த மாவட்டம் விதித்த தடை செல்லாது என்று 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. நீதிபதி ஸ்காலியா அதில் சொன்ன காரணங்களைச் சகோதரி கட்டுரையில் சேர்த்தால் நன்றாக இருக்கும்: எடுக்க வசதியான இடத்தில் வைக்கலாம், எதிரி எளிதில் பிடித்துத் திருப்பிவிடவோ பறிக்கவோ முடியாது, நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கத் தோள்வலு இல்லாதவருக்கும் கைகொடுக்கும், ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் காவல்துறைக்கு தொலைபேசியில் அழைக்கலாம். ஒரு கைக்கும் இரு கைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த விவாதத்தின் பாதி. எனவே ‘கைத்துப்பாக்கி’யைப் பொதுச்சொல்லாக வைத்து, அதன் கீழ் பிஸ்டல், ரிவால்வர் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். எதிர்ச்சொல்லாக ‘நீள்துப்பாக்கி’ வேண்டும். ரவைத் துப்பாக்கியும் ரைபிளும் அதில் அடங்கும்.

> 12 கேஜ் என்பதை 12 போர் என்றே எழுதலாமே, நம்மூர் உரிமத்தில் அப்படித்தானே இருக்கிறது?

ஷாட்கன் குழலைக் குறிக்கும் எண்ணை அமெரிக்காவில் ‘கேஜ்’ என்றும் நம் உரிமத்தில் ‘போர்’ (bore) என்றும் எழுதுகிறார்கள், உண்மை. ஆனால் தமிழ் எழுத்தில் ‘12 போர்’ என்று படிப்பவர் யுத்தக் கணக்கு என்று நினைப்பார். ‘குழல் அளவு’ என்பதும் சரிப்படாது, ஏனென்றால் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண். பன்னிரண்டு குண்டுகள் என்றால் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், இருபது என்றால் 15.6தான். ‘குழலெண்’ என்று வைத்தால் இது அளவு அல்ல, எண்ணிக்கை என்பது சொல்லிலேயே தெரியும்.

‘வீட்டுப் பாதுகாப்பு’ என்ற தலைப்பையும் மாற்றச் சொல்வேன். அது பூட்டு, கேமரா, காவலாளி எல்லாவற்றையும் குறிக்கும். ‘வீட்டுத் தற்காப்பு’ சரியாக இருக்கும். தற்காப்பு உரிமை என்ற தொடர் நம் சட்டத்தமிழில் ஏற்கெனவே வேர்விட்டிருக்கிறது.

சகோதரியிடம் இன்னொரு வேண்டுகோள். “குண்டு சுவரைத் துளைக்கும்” என்று உங்கள் வரைவில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்குச் சுவர் என்றால் செங்கல் சுவர். இந்த வரியை நம்பமாட்டார்கள். அங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கிக் குண்டும் சரி, 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பெரிய ரவையும் சரி, அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். அந்த அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். ‘பலகைச் சுவர்’ என்று ஒரு சொல் மாற்றினால் போதும், படிப்பவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார்.

கடைசியாக, மட்டக்களப்பு நண்பரின் மறுப்பு. இலங்கையில் ‘ரவை’ என்றால் எந்தத் துவக்கின் (துப்பாக்கியின்) குண்டையும் குறிக்கும், குண்டுகளை அடுக்கிவைக்கும் மகசீனைக்கூட ‘ரவைக்கூடு’ என்கிறோம், ஆகவே ‘ரவைத் துவக்கு’ எதையும் பிரித்துக் காட்டாது என்கிறார். இதற்கு என்னிடம் விடை இல்லை. ‘சன்னம்’ என்று மாற்றினாலும் அதே சிக்கல்தான் வருகிறது. ‘கொத்துரவை’ என்று ஒரு கணம் யோசித்தேன். கொத்துக்குண்டுகளைப் பார்த்த மக்களுக்கு முன் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மட்டக்களப்பு ஐயா, உங்கள் பக்கத்தில் யானைக்கும் பன்றிக்கும் வயல் காக்கச் சொட்கன் வைத்திருந்த பெரியவர்கள், தோட்டாவைப் பிரித்தால் உள்ளே கிடக்கும் மணிகளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? ஒருவரையாவது கேட்டு எழுதுங்கள். பொருத்தமான சொல் வந்தால் என் முன்மொழிவை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்கிறேன்.