சாரல் காத்துல சோடா ஆஷ் கட்டி தட்டுது, யோசனை சொல்லுங்க

செங்கோட்டை, புளியரை ரோட்டு குடோன். 50 கிலோ லைட் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட், அடர்த்தி கம்மியான காரப் பொடி) 40 மூட்டை. பேலட் மேல, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்கியும், ஆடிச் சாரல்ல அடிவரிசை கல்லாயிருச்சு. பை கிழியல, தையல் வாய் வழியாத்தான் ஈரம் ஏறுது. ஈரம் குடிச்சா எடை கூடும், அதே எடைக்குக் காரம் குறையும். கணக்குல இடிக்கிறது அதுதான்.

கட்டியை உடைச்சா பறக்குற தூசி கண்ணைக் கரிக்கும். கண்ணாடி, மாஸ்க் இல்லாம தொடுறதில்ல. பச்சைத்தண்ணியில மொத்தமா கொட்டினா அடியில பாறையா இறுகிரும், வெதுவெதுப்பான தண்ணியைக் கலக்கிக்கிட்டே தூவணும். அலுமினியச் சட்டி அரிச்சுரும். ஆசிட் கேன் வேற அறையில.

பிரிச்ச மூட்டைக்கு இறுக்க மூடுற பிளாஸ்டிக் டிரம் போதுமா? தார்ப்பாய் போர்த்தினா உள்ளே வேர்த்து இன்னும் கெடுமோ? புனலூர், தென்மலைப் பக்கம் மழைக்குள்ளேயே வச்சிருக்கிற அண்ணாச்சிமாரு என்ன செய்றீங்க?