'லைஃப்' என்ற ஒரு சொல்லோடு நாங்கள் பட்ட பாடு

கல்லடியிலிருந்து, ஆங்கிலம் படிப்பிப்பவர்:

போன கிழமை சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பந்தியைத் தமிழில் எழுதக் கொடுத்தேன். கடலுக்குப் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்று அதில் ஒரு வசனம். ஒரு பிள்ளை 'வாழ்க்கைச் சட்டை' என்று எழுதியிருந்தது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது, முதல் நாள் பலகையில் 'லைஃப் என்றால் வாழ்க்கை' என்று எழுதிப் போட்டதே நான்தான்.

அன்று இரவு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லைஃப் ஜாக்கெட் காப்பது உயிரை. நீதிமன்றத்தில் கொடுக்கிற லைஃப், ஆயுள் தண்டனை. காப்புறுதிக்காரர் விற்பதும் ஆயுள்தான். ஒருவரின் வரலாற்றை எழுதிப் புத்தகமாக்கினால் அதற்கும் ஆங்கிலத்தில் லைஃப் என்றே பெயர். இவ்வளவுக்கும் ஒரே சொல்.

ஒத்த சொல் கேட்டால் பிள்ளைகள் உடனே 'எக்ஸிஸ்டன்ஸ்' என்பார்கள். அது வெறும் இருப்பு. எங்கட மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்கும் இருப்பு உண்டு, அதற்காக அதற்கு உயிர் உண்டென்று சொல்ல முடியுமா? 'வைட்டாலிட்டி' உயிர்த்துடிப்பைச் சொல்வது, லத்தீன் வீட்டாவிலிருந்து வந்தது. 1912 இல் காசிமிர் ஃபங்க் என்பவர் வைட்டமின் என்ற பெயரைக் கட்டியதும் அதே வேரிலிருந்துதான். பயோலஜியில் இருப்பது கிரேக்கத்து பயோஸ். எனக்குப் பிடித்தது வேறொன்று: லைஃப் என்பதற்கு ஜெர்மன் மொழியில் 'லைப்' என்று ஓர் உறவுச் சொல் இருக்கிறது, அதற்குப் பொருள் உடல். நாம் எழுத்திலேயே உயிர் வேறு, மெய் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறோம். அங்கே இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய சமாதி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு நான் 'வாழ்க்கைச் சட்டை'க்குக் காரணமாகிவிட்டேன். சரி, இந்தச் சொல்லிடம் மாட்டுப்பட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

திருக்கோவில் பக்கத்திலிருந்து:

நான் மாட்டுப்பட்டது சிரிக்கிற விதமாக இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கு வந்த வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்க்கப் போனேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, இங்கிலீஷ் தெரியும் என்ற மிதப்பு நிறைய. முகாமில் ஒரு வயதான மீனவர். வந்தவர் படிவத்தைப் பார்த்து அவருடைய 'லைவ்லிஹூட்' என்ன என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்கிறேன். லைஃப் மாதிரித்தானே இருக்கிறது என்று, "ஐயா, உங்கட வாழ்க்கை எப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அரை மணித்தியாலம் இருக்கும். வந்தவர் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் "என்ன சொன்னார்?" என்று கேட்டார். "மீன்பிடி" என்றேன். படிவத்தின் அந்தக் கட்டத்தில் அது மட்டும்தான் எழுத இடம் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து "என்ன தொழில் செய்தனீங்க?" என்றே கேட்டேன். லைவ்லிஹூட்டின் பழைய வடிவத்துக்கு 'வாழ்வின் வழி' என்கிற மாதிரிப் பொருள் என்று பல வருடம் கழித்து வாசித்தேன். வழி என்று தெரிந்திருந்தால் அன்று வேறு மாதிரிக் கேட்டிருப்பேன்.

காத்தான்குடியிலிருந்து:

எங்கட வீடுகளில் இதற்கு இன்னொரு சொல் இருக்கிறதே, ஹயாத்து. அரபிலிருந்து வந்தது. என் உம்மும்மா நாளைக்கு என்று எதைச் சொன்னாலும் "ஹயாத்து இருந்தா" என்று சேர்த்துத்தான் சொல்வார். பெருநாளைக்கு வாங்குகிற புடவைக்கும் அது இல்லாமல் பேச்சில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கட்டுரையில் 'இஃப் ஐ ஹேவ் லைஃப்' என்று எழுதி ஆசிரியையிடம் சிவப்புக் கோடு வாங்கினேன். ஆங்கில வழக்குப்படி அவர் செய்தது சரிதான். ஆனால் அந்த வசனத்தை இன்னும் எனக்கு ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

கல்முனை, ஃபோன் திருத்துகிற கடை:

எனக்குத் தினமும் அனுபவம்தான். பெட்டியில் 'பற்றரி லைஃப்' என்று இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் யாரும் ஆயுள் என்று சொல்வதில்லை. "தம்பி, சார்ஜ் நிக்குதில்ல" என்பார்கள். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

படுவான்கரையிலிருந்து:

பெரியம்மா தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதினார். உறுதிப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற மகன் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஃபோனிலேயே தமிழாக்கிப் பார்த்திருக்கிறார். 'தாயார் வாழ்க்கையில் ஆர்வத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வீட்டை நன்கொடையாக வழங்குகிறார்' என்று வந்ததாம். உடனே அங்கிருந்து அழைப்பு, அம்மாவை என்னமோ ஏமாற்றிவிட்டார்கள் என்று சத்தம். பெரியம்மா ஃபோனை வாங்கி, "ஓம் மனே, எனக்கு இன்னும் ஆர்வம் இருக்குத்தானே!" என்றார்.

மறுகா நொத்தாரிசிடம் போய் விளங்கிக்கொண்டோம். அது 'லைஃப் இன்ரரெஸ்ட்'. நம்ம வழக்கில் சீவிய உருத்து. வீடு மகளுக்குச் சொந்தம், ஆனால் பெரியம்மா கண் மூடும்வரை அதில் இருக்கலாம், வருமானம் வந்தால் அனுபவிக்கலாம், எழும்பிப் போ என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறவர், தாய் தகப்பன் பின்வளவில் ஒரு குசினியைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்படி ஒதுங்குகிறவர்களுக்கு இந்த இரண்டு சொல் எவ்வளவு பெரிய காவல் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. சீவியம் என்பதைக் கிழவிகளின் சொல் என்று ஒதுக்குகிறோம். உறுதிக்குள் அது இல்லாவிட்டால் தெரியும்.

கல்லடியிலிருந்து, ஆங்கிலம் படிப்பிப்பவர்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். திருக்கோவில்காரர் எழுதியதை மட்டும் வகுப்பில் வாசிப்பதா என்று யோசிக்கிறேன். ஒன்று கேட்கலாமா? இப்போது எல்லா ஊரிலும் 'வாழ்வாதாரம்' என்கிறார்களே, அது அந்தப் படிவங்களோடு வந்ததுதானா?

திருக்கோவில் பக்கத்திலிருந்து:

வாசியுங்கள், பரவாயில்லை. சொல் முந்தியே இருந்திருக்கும், ஆனால் எங்கட சனத்தின் வாயில் வந்தது அப்போதுதான். இப்போது அதன் பொருளும் மாறிவிட்டது. தையல் மெஷின் கொடுத்தால் அது வாழ்வாதாரம், கோழிக்கூடு கொடுத்தாலும் வாழ்வாதாரம். போன மாதம் பக்கத்து வீட்டு மாமி சொன்னார், "எனக்கு ரெண்டு வாழ்வாதாரம் தந்தவங்க மகன், ஒண்டு மழைக்குச் செத்துப் போச்சு, மற்றது குட்டி போட்டிருக்கு" என்று.